இஸ்திரி போட்ட பேனர்

என் பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை டிவி முன்னாலேயே கிடக்கிறீர்களா?

போன வாரம் நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துச் சூட்டில் லேசாகத் தலை சுற்றியது. துணிக்குவியல் மேல்தான் விழுந்தேன், அடி இல்லை. மகனிடம் சொல்ல வேண்டாம்.

வருஷா வருஷம் வெயில் ஏறுகிறது. பேத்தி காலத்தில் எப்படித் தாங்கும்? அதனால் ஆலைப் புகையைக் குறைக்கச் சொல்லி தலைநகரில் நாளை நடக்கும் போராட்டத்துக்கு சலவைக்கூடத்துப் பெண்கள் நாங்களும் போகிறோம். பழைய படுக்கை விரிப்பில் பேனர் எழுதினோம். கசங்கியிருக்கிறதே என்று கைப்பழக்கத்தில் இஸ்திரி போட்டுவிட்டேன். பெயிண்ட் எல்லாம் இஸ்திரிப்பெட்டியில் ஒட்டிக்கொண்டது!

“பாட்டிம்மா, போராட்டத்துக்குப் போறோமா, கல்யாணத்துக்கா?” என்று துணி மடிப்பவள் சிரித்தாள்.

“அஞ்சாங்கிளாஸ் கையெழுத்துடி, இப்ப பாரு” என்று நானே திரும்ப எழுதினேன். எல்லாரும் அசந்துவிட்டார்கள். ஆனால் பேனர் காயும் வரை இஸ்திரிப்பெட்டியை ஒளித்து வைத்துவிட்டார்கள்.

உங்கள் பழைய துண்டு ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். வேர்வை துடைக்கத்தான், வேறொன்றுமில்லை.

போராட்டத்துக்குப் போனால் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்கிறார் மேற்பார்வையாளர். என் சீருடையைத் தேய்த்து, அவர் கண்ணெதிரே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

பஸ் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி