மாறாத நாலு சுரம்

கண்ணம்மா,

எத்தனை தட்டியும் நீ திறக்கவில்லை. அதனால் இதைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன்.

"கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி அதே நாலு சுரம், இதெல்லாம் ஒரு இசையா?" என்று அப்பா நேற்று கத்தினாரே, நீ வாயே திறக்கவில்லை. வழக்கமாக, "பொறுமையா கேளுங்கப்பா, கொஞ்சங்கொஞ்சமா மாத்திக்கிட்டேதான் இருக்கேன்" என்று சண்டைக்கு வருவாய்.

கேட்டுக் கேட்டு எனக்குக் காது பழகிவிட்டது. அடுப்படியில் நின்றபடியே, நீ எந்தச் சுரத்தை நகர்த்துகிறாய் என்று சொல்லிவிடுவேன்.

காலையிலிருந்து உன் கம்ப்யூட்டரில் அந்த நாலு சுரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றுகூட மாறவில்லை.

கதவை உடைக்க அப்பா சுத்தியல் எடுக்க ஓடியிருக்கிறார். நீ கதவைத் திறக்க வேண்டாம், பேசவும் வேண்டாம். ஒரே ஒரு சுரத்தை மாற்றிவிடு, போதும்.

கதவுக்கு இந்தப் பக்கம் காதை வைத்திருக்கும்,
அம்மா