அழித்த பைலில் மிச்சமிருந்தது

சேவூர், ஆரணி
6-7-2025

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதிக்கொண்டது.

என் எழுத்து கோணலாக இருக்கும், வரி மேலே ஏறிப் போகும். கோபித்துக்கொள்ளாதே. ஹேமலதா டீச்சர் வகுப்பில் சேர்ந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. இந்தக் கடிதத்துக்கே ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விட்டது. ஆனாலும் நானே எழுதுகிறேன் மகளே! எழுதிக்கொடு என்று யாரிடமும் போய் நிற்கவில்லை.

மாப்பிள்ளை பிரபாகரன் புடவை டிசைன் போட்டுவந்து, பிறகு நம் வீட்டிலேயே விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரை நேற்று உன் அண்ணன் அன்பரசு திறந்தான். நடுவில் கரண்ட் போய் வந்தது. அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடிக்கொண்டே இருந்தது. ரிப்பேர் கடை ஜினகுமாரைக் கூப்பிட்டோம்.

"அழிச்ச பைலுங்களோட துண்டு, பெரியவரே. மறைவா ஒரு ஃபோல்டர்ல வந்து உக்காந்துகினு இருக்குது. வெறும் குப்பை. தூக்கிடட்டுமா?" என்றார்.

"இருக்கட்டும் சார், படிச்சிப் பழக எனக்கு ஆவும்."

"அதுக்குப் பேப்பர் வாங்கினா போதாதா?" என்று சிரித்துவிட்டு, திறக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு துண்டில் புடவைக் கரைக்குப் போட்ட அன்னப்பறவை பாதி இருந்தது. இன்னொன்றில் கட்டம் கட்டமாக ஏதேதோ, நடுவில் தமிழ்! எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'அரக்கு நிறப் புடவை, பச்சைக் கரை. வலது முழங்கையில் தீக்காயத் தழும்பு.' புடவை விளம்பரத்தில் தழும்புக்கு என்ன வேலை? உனக்கும் கஞ்சி கொட்டியது அந்தக் கையில்தானே? மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

உன் அப்பா
வேடியப்பன்


இளம்பிள்ளை, சேலம்
13-7-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க எழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஆனால் கடிதத்தை முதலில் பிரித்தது அவர். இங்கே கடிதமும் போனும் அவர் கையில்தான். "உங்கப்பா பெரிய படிப்பாளி ஆயிட்டாரே" என்று சிரித்தார். பிறகு சாப்பிடவில்லை. யார் திறந்தது, வேறு என்ன இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அப்பா, அந்த அரக்குப் புடவையை அவர் போன வாரம்தான் எனக்கு வாங்கிவந்தார். பச்சைக் கரைதான். ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போய்க் காவிரியில் குளிக்கலாம், அன்றைக்கு இதைத்தான் கட்ட வேண்டும் என்கிறார். அண்ணனுக்கும் போன் போட்டு இதையே சொன்னார். போன மாதம் என் பேரில் இன்சூரன்ஸ் போட்டுக் கையெழுத்தும் வாங்கினார். நான்தான் கண்டதையும் நினைக்கிறேனோ தெரியவில்லை. மற்ற துண்டுகளையும் படித்துச் சொல்லுங்க.

இதைப் பக்கத்து வீட்டு கெங்கம்மாள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இனி அவங்க பேருக்கே எழுதுங்க. படிக்கத் தெரியாதவங்க, பிரிக்கமாட்டாங்க. போன் வேண்டவே வேண்டாம். அந்த வீட்டு போன் அவங்க மகனிடம் இருக்கும், அவன் இவரோடு வேலை செய்கிறான்.

உங்க மகள்
எழிலரசி


(கெங்கம்மாள் வீட்டு முகவரிக்கு)
சேவூர்
20-7-2025

மகளே,

ஜினகுமாரை வரவழைத்து எல்லாத் துண்டையும் திறந்தோம். முக்கால்வாசி புரியாத குறிகள். ஒன்றில் மட்டும் இப்படி இருந்தது: 'காவல் ஆய்வாளர் அவர்களுக்கு... என் மனைவி எழிலரசி 3-8-2025 ஆடிப்பெருக்கு அன்று மேட்டூரில் குளிக்கும்போது காணாமல் போய்... எவ்வளவோ தேடியும்...' அதற்கு மேல் அறுந்துவிட்டது.

ஜினகுமார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பெரியவரே, ஆடிப்பெருக்கு இன்னும் வரவே இல்லியே" என்றார்.

மாப்பிள்ளை கடைசியாக இதைத் தொட்டது வைகாசியில் இங்கே வந்திருந்தபோது. நான் தப்பாக எழுத்துக்கூட்டுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு டீச்சரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜினகுமார் அதைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். "மொதல்ல பொண்ணக் கூட்டிகினு வாங்க, கேஸ் அப்புறம்" என்று ஆரணியில் நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல் சொன்னார். நாங்கள் திடுதிப்பென்று வாசலில் வந்து நின்றால் மாப்பிள்ளை உன்னை என்ன செய்வாரோ என்று பயம். அவர் வெள்ளிக்கிழமைகளில் டிசைன் கொடுக்கச் சேலம் போவார் என்று முன்பு ஒருமுறை சொன்னாயே. ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை காலை அவர் பஸ் ஏறியதும் நீ கெங்கம்மாள் வீட்டுக்குப் போய்விடு. நானும் அன்பரசும் தெருமுனையில் ஆட்டோவோடு நிற்போம். மாற்றுப் புடவைகூட எடுக்காதே.

அதற்கு முன்னால் உன் வீட்டு முகவரிக்கு இன்னொரு கடிதம் வரும். அது அவர் படிப்பதற்கு. அதில் உள்ள ஒரு வார்த்தையையும் நீ நம்பாதே. இது கிடைத்தது என்று மட்டும் ஒரு வரி எழுது.

அப்பா


சேவூர், ஆரணி
27-7-2025

அன்பு மகள் எழிலரசிக்கும் மாப்பிள்ளை பிரபாகரன் அவர்களுக்கும் ஆசிகள்.

இங்கே எல்லோரும் சுகம். அந்தப் பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோய்விட்டது. "உள்ளே இருக்கிற டிஸ்க் செத்துப்போச்சு" என்று ஜினகுமார் சொன்னதால் காயலான் கடையில் போட்டுவிட்டோம். மாப்பிள்ளை வருத்தப்பட வேண்டாம். முன்பு நான் எழுதியதும் வெறும் புடவை விளம்பரம்தானாம். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். புதிதாகப் படிக்கிறவன் புத்தி அப்படி.

தினமும் தபால்காரரைத் தெருமுனை வரை போய்ப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. வீட்டு வேலை அதிகமாக இருக்கும்.

ஆடிப்பெருக்குக்கு இருவரும் சந்தோஷமாக மேட்டூர் போய் வாருங்கள். இந்த வருஷம் தண்ணீர் நிறைய என்கிறார்கள். மாப்பிள்ளை அன்பரசிடம் போனில் சொன்ன அந்த அரக்குப் புடவையையே கட்டிக்கொள். ஆழத்தில் இறங்கும்போது மாப்பிள்ளை கையை விட்டுவிடாதே, மகளே. அவர் பார்த்துக்கொள்வார்.

அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன்.

உன் அப்பா
வேடியப்பன்