நம் பையனுடைய மெஷினின் படம்

என்னவளுக்கு,

கடைக்கு வெப்சைட் போட்டிருக்கிறேன். மால்களில் இருக்கிற மாதிரி ஆர்கேட் கேம் மெஷினைக் கேட்கிற அளவில் செய்துதருவோம் என்று எழுதி, பார்த்துவிட்டுக் குறை சொல்லச் சொல்லித் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். எழுத்து பொடியாக இருக்கிறதாம் உன் அண்ணனுக்கு. போன் நம்பரையே காணோம் என்றார் பெயின்டர். இரண்டையும் சரிசெய்துவிட்டேன்.

மற்ற படங்களோடு, வீல்சேரில் இருந்தே விளையாட நம் பையனுக்குச் செய்த மெஷினின் படமும், 'என் பையனுக்காகச் செய்தது' என்ற வரியோடு போய்விட்டது. தெரியாமல் போட்டேன் என்று சொல்லமாட்டேன்.

அதைப் பார்த்து ஒரு அம்மா போன் செய்தார்.

"என் பொண்ணும் வீல்சேர்லதாங்க இருக்கா. இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா? உங்க பையன் இப்பவும் இதுல விளையாடுறானா?"

"விளையாடுறான்" என்று சொல்லிவிட்டேன். அவன் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. என் வாயால் இன்னும் ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை. நீ வீட்டைவிட்டுப் போனதும் அதனால்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண்ணைக் கூட்டிவருகிறார். கை எட்டும் தூரத்தை அளக்கவேண்டும். அவனுக்கு வலிக்காமல் பேச்சுக்கொடுத்தே அளந்தவள் நீ. எனக்கு மரத்தை அளக்கத்தான் தெரியும்.

அன்று மட்டும் வா. அந்த அம்மா மறுபடி அவனைப் பற்றிக் கேட்பார். பக்கத்தில் நீ நின்றால் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

அவன் அப்பா