ஜரிக்குப் பத்து நாளாகப் பேதி

12-11-98, வியாழன்

காலையிலிருந்து தூறல். தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்ட வழியில்லை. கஞ்சி போட்ட பட்டு நூலெல்லாம் வீட்டுக்குள்ளேயே. புளித்த வாடை.

ஜரிக்கு இன்றோடு பத்து நாள் பேதி. நாலு மாத நாய்க்குட்டி. சரிகையின் பெயரை அதற்கு வைத்தது மகள் செல்வி, ஏழாம் வகுப்பு. நெசவுக்காரன் வீட்டில் தங்குகிற ஜரி இது ஒன்றுதான் என்று பெருமை அடித்தவன் நான். சாம்பலும் முறமுமாக அதன் பின்னால் அலைகிறவனும் நானே.

நிறுத்தியவை: பால், பன், எலும்பு.
கொடுத்தவை: தயிர்சோறு, ஜவ்வரிசிக் கஞ்சி, மாதுளம் தோல் கஷாயம் (பாதி என் சட்டைக்கு).

இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் மறுபடியும். விலா எலும்பை எண்ணலாம்.

பக்கத்து வீட்டு முனுசாமி அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, குச்சியாட்டம் ஆயிட்ச்சு! எங்க வூட்லயும் ஒண்ணுக்கு இப்டித்தான். மூணே நாளு." செல்வி காதில் விழுந்துவிட்டது. சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாள்.

பயமாக இருக்கிறது. நாயை நினைத்தா, பெண்ணை நினைத்தா, தெரியவில்லை.

13-11, வெள்ளி

மழை இல்லை. வெயிலும் இல்லை.

ஏழு மணிக்குக் கொல்லையில் ஜரி குந்தி முக்கியது. பின்னால் சிவப்பாக ஏதோ. ரத்தம் என்று நினைத்தேன். கிட்டப் போனால் நூல். என் தறியில் ஓடுகிற அரக்குப் பட்டு! அறுந்த நூல் போடும் கூடையில் வாய் வைத்திருக்கிறது, கஞ்சி வாசனைக்கு. பத்து நாளாகப் பாலையும் பன்னையும் திட்டிய புத்திசாலி நான்.

இருபது வருடக் கை. தொங்குகிற நூலைக் கண்டால் சும்மா இருக்காது. இழுத்தேன். கொஞ்சம் வந்தது. பிறகு இறுகியது. இன்னொரு தடவை இழுத்தேன். ஜரி அலறிய அலறல்! நூல் அறுந்தது. செல்வி ஓடி வருவதற்குள் கையில் வந்த துண்டை லுங்கி மடியில் செருகிக்கொண்டேன். ஏன் செய்தேன்?

செல்வியையும் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் மாட்டாஸ்பத்திரி. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "மேல எங்கயோ சிக்கியிருக்கு. இழுத்தா குடலை அறுத்துடும், கத்தி மாதிரி. யாரும் இழுக்கலையே?"

செல்வி முந்திக்கொண்டாள். "எங்கப்பா இழுக்க மாட்டாருங்க. நூல் அறுந்தா முடிச்சுப் போடறவரு."

"இல்லீங்க" என்றேன் நானும்.

வெளியே தெரிந்த நுனியைக் கத்தரித்தார். ஒரு ஊசி. மிச்சம் தானாக வரவேண்டும். வாந்தி எடுத்தால், சாப்பாட்டை விட்டால், உடனே வேலூர். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கவேண்டும்.

தறியில் உட்கார்ந்தேன். ஓடவில்லை. ஒரு பட்டு இழையை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். விரல் அறுபட்டு ரத்தம்.

14-11, சனி

ஜரி தட்டை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சாப்பிடவில்லை.

செல்வி பள்ளியில் குழந்தைகள் தின விழாவுக்குப் போய்விட்டாள். மனைவி, "இன்னாங்க, மூஞ்சி இப்டி கீது? அதுக்கு வந்தது உங்களுக்கும் ஒட்டிகிச்சா?" சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். "எங்கைல சொல்லி இன்னா பிரயோஜனம்? ஜல்தியா அந்தம்மா கைல போய்ச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரி திறக்குமுன் வாசலில், ஜரியோடு. டாக்டரம்மாவை வண்டியை நிறுத்தக்கூட விடவில்லை.

"இழுத்தேங்க. ரெண்டு வாட்டி."

"நேத்து ஏன் சொல்லல?"

"பொண்ணு பக்கத்துல இருந்திச்சிங்க."

"பொண்ணு முன்னாடி நீங்க நல்லவரா இருக்கணும்னா நாய் சாவணுமா?"

ஜரியை மேசைமேல் தூக்கி வைத்தேன். ஈறு வெளுக்கவில்லையாம். வயிறு கல்லாகவில்லையாம். குளுக்கோஸ் ஏற்றினார். சாயங்காலம் வரை அங்கேயே இருக்கட்டும் என்றார்.

மத்தியானம் செல்வி மிட்டாயோடு வந்தாள். "ஜரி எங்கப்பா?" எல்லாம் சொன்னேன். மடியில் வைத்திருந்த துண்டையும் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். ஐந்து மணிக்கு ஜரியை அழைத்து வரும்போது கேரியரில் உட்கார்ந்தவள் என் சட்டையைப் பிடிக்கவில்லை.

15-11, ஞாயிறு

வாந்தி இல்லை. காலையில் ஜரி குந்தியது. சிவப்பு நுனி. என் கை அதுபாட்டுக்குப் போனது.

"கைய பின்னால கட்டுப்பா."

நேற்றிலிருந்து முதல் பேச்சு. கட்டினேன். ஜரி முக்கியது, நாலடி நடந்தது, மறுபடி குந்தியது. அது கத்தினால் ஓடிவிடலாம் போல் இருந்தது எனக்கு. கத்தவில்லை. நெல்லிக்காய் அளவு நூல் பந்து ஒன்று விழுந்தது. குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. உள்ளே இன்னும் இருக்குமோ? நாளைக்கு டாக்டரம்மாவிடம் காட்டவேண்டும். அறுந்த நூல் கூடை பரண்மேல் ஏறிவிட்டது.

தட்டில் தயிர்சோறு. மோந்தது. நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தது. ஒரு வாய். இன்னொரு வாய்.

"இப்ப கைய அவுத்துக்கலாமா?" என்றேன்.

"மொதல்ல அது தின்னு முடிக்கட்டும்."