இன்னாசி என்று நீ படித்த சொல்

நேற்று உன் மகள் ஸ்டெல்லா உன் வம்சத் தாளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் விரித்தாள். கோமாரித் தடுப்பூசி விளம்பரத்தின் பின்பக்கத்தில் நீ கோடு கோடாகப் போட்டு எழுதிய அதே தாள். மூலையில் நீ கொட்டிய டிங்சர் கறை பழுப்பாக அப்படியே இருக்கிறது. சுருளைப் பிரித்ததும் மாட்டாஸ்பத்திரி வாடை எழுந்தது. நீ சைக்கிளை நிறுத்திவிட்டு வரும்போது உனக்கு முன்னால் உள்ளே வருமே, அந்த வாடை. நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. அந்தத் தாளின் உச்சியில் ஒரு பெயர் இருக்கிறது. அது அங்கே வந்ததற்கு நான்தான் காரணம். நீ இருந்தபோது சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

தர்மபுரி தனி ஜில்லா ஆன புதிது அது. நீ பாலக்கோட்டில் கால்நடை மருந்தகத்துக் கம்பவுண்டர். நான் பள்ளிக்கூடக் குமாஸ்தா. குருமடத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, சாமியார் ஆகாமல் பெட்டியோடு திரும்பி வந்தவன். அங்கிருந்து கொண்டுவந்த லத்தீன் எதற்கு உதவும் என்று என் வீட்டிலேயே சொல்லிக் காட்டுவார்கள். அதற்கு ஒரு வேலை கொடுத்தவன் நீ.

"எந்தக் காளைக்கு எந்தக் கன்னுன்னு ஊரு பூரா எழுதி வெக்கறேன் மச்சான். எங்க தாத்தனுக்கு அப்பன் யாருன்னு எனக்குத் தெரியல" என்றாய் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் அதற்குப் பிறகு நீ விடவில்லை. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் நாம் கூட ஆரம்பித்தோம். நல்லம்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருவர் வருவார். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாரண்டஹள்ளியிலிருந்து பஸ் பிடித்து ஒரு காய்கறி வியாபாரி வருவார். அவர் நம் வேதத்துக்காரர் அல்ல. வீட்டில் கன்னடம் பேசுகிறவர், ஏழு தலைமுறைப் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். நீ வாயைப் பிளந்து கேட்பாய். அவரவர் தாளை விரித்து, விட்டுப்போன பெயரை ஒருவருக்கொருவர் கேட்டு நிரப்பிக்கொள்வோம். ஊரில் நமக்குச் 'செத்தவங்க கமிட்டி' என்று பெயர். அந்தப் பெயர் உனக்குப் பிடித்தே இருந்தது.

உன் தாளின் உச்சியில் மட்டும் ஒரு கட்டம் காலி. உன் அப்பா தவழ்கிற வயதிலேயே உன் தாத்தா சவரிமுத்து இறந்துவிட்டார். அவருக்கு மேலே யார் என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் உன் மனைவி வழி உறவுக்காரர், உங்கள் தாத்தன் எங்கிருந்து வந்து முளைத்தாரோ என்று கேட்டார். பந்தியே சிரித்தது. நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாய். நான் உன் பக்கத்து இலை.

அடுத்த வாரம்தான் பங்குச் சாமியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். தாது வருஷப் பஞ்சத்தின்போது எழுதியது. பக்கம் பக்கமாகத் தேடி, சவரிமுத்து, வயது சுமார் ஐந்து என்ற வரியைக் கண்டுபிடித்தோம். பெற்றோர் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல், பாதியில் நிறுத்தி எழுதியது: இக்னோத். 'தெரியவில்லை' என்பதன் லத்தீன் சுருக்கம். பஞ்சத்தில் அனாதையாக வந்த பிள்ளை. ஆனால் அந்தப் பழைய கையெழுத்தில் ஓகாரம் ஆகாரம் மாதிரி இருந்தது. உனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தாய். இக்நாசியுஸ் என்ற புனிதரின் பெயர்தானே நம் ஊர் வாயில் இன்னாசி?

"இக்னாத்... இன்னாசி. இன்னாசிதான மச்சான்?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். கண் நிறைந்திருந்தது. நான் ஆமாம் என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. இல்லை, இன்னொன்றும் செய்தேன். அதே பக்கத்தில் கீழே வேறு பிள்ளைகளுக்கு நேராகவும் அதே சொல் வரிசையாக இருந்தது. அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினேன். அன்று எனக்கு அது பெரிய உதவியாகத் தோன்றியது. நீ அந்தக் கட்டத்தை நிரப்பினாய். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு இன்னாசிக்காகப் பூசை வைத்தாய். பிறக்காத ஒருவருக்காக நானும் முழங்காலில் நின்றேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அருளப்பன் வந்து சேர்ந்தான். காரிமங்கலம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், அடக்கமான பையன். அவனும் தன் முப்பாட்டனைத் தேடித்தான் நம் கூட்டத்துக்கு வந்தான். போகப்போக உன் வீட்டுக்கும் வந்தான். ஸ்டெல்லா காபி கொண்டுவந்து வைக்கும்போது அவன் கையிலிருந்த பேனா நின்றுவிடும். நமக்கென்ன கண் இல்லையா? உனக்கும் இஷ்டம்தான். அவன் வீட்டில் கேட்டுவிடலாம், அதற்கு முன்னால் அவன் முப்பாட்டன் ஞானஸ்நானத்தைப் பார்த்து அவன் தாளை முடித்துக் கொடுத்துவிடுவோம் என்றாய். நான் அந்த வாரம் ஊரில் இல்லை. நீயே அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் புத்தகத்தைப் புரட்டினாய். வேறொரு பக்கத்தில் அவன் முப்பாட்டனுக்கு நேராகவும் அதே சொல். அதன் உருவம்தான் உனக்கு மனப்பாடமாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசலிலேயே என்னை நிறுத்திச் சொன்னாய்: "இவன் நம்ம பங்காளி மச்சான். இன்னாசிக்கு ரெண்டு மவனுங்க. எங்க தாத்தனுக்குக் கூடப்பொறந்தவரு வம்சம் இவனுது."

உன் முகத்தில் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக இருந்தன. ஒண்டிக்கட்டை வம்சத்துக்கு ஒரு கிளை கிடைத்துவிட்டது. ஆனால் மருமகனாக வர வேண்டியவன் மகன் முறையாகிவிட்டான். அவன் தோளில் கைபோட்டு, ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, இனிமேல் இவன் உனக்கு அண்ணன் என்றாய். அவள் காபித் தம்ளர்களோடு நின்றாள். பிறகு அவற்றைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பையன் என்னைத்தான் பார்த்தான். லத்தீன் படித்தவர் ஏதாவது சொல்லமாட்டாரா என்று பார்த்தான்.

நான் வாயைத் திறந்திருந்தால் அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்திருக்கும். உனக்கு அந்தக் கட்டம் மறுபடி காலியாகியிருக்கும். அந்த வாரமே உன்னிடம் சொல்லிவிடப் பாலக்கோட்டுக்கு பஸ் ஏறினேன். நீ மருந்தகத்தில் உட்கார்ந்து தாளில் இன்னாசிக்குக் கீழே இரண்டாவது கோடு இழுத்துக்கொண்டிருந்தாய். "பாரு மச்சான், இப்பத்தான் இது மரம் மாதிரி இருக்குது" என்றாய். டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அருளப்பன் மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அடுத்த தையில் ஸ்டெல்லாவைக் கிருஷ்ணகிரியில் கொடுத்தாய். மாப்பிள்ளை நல்ல மனிதர்தான். அதைச் சொல்லிச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

நேற்று அவள் வந்தது கல்லறைத் திருநாளுக்குத்தான். பூசையில் வாசிக்க இறந்தவர்கள் பெயரை நான்தானே எழுதிக் கொடுக்கிறேன்? உன் பெயரைச் சொன்னாள், எழுதினேன். "அப்பா எப்பவும் சொல்லுவாரே மாமா, இன்னாசித் தாத்தா பேரு, அதையும் எழுதுங்க மாமா" என்றாள். பேனா ஓடவில்லை. தாளை என் பக்கம் திருப்பி, அந்தப் பெயரைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை அவள் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த வாத்தியாருக்கும் எனக்கும் ஒறவே இல்லீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "வர்றனுங்க" என்றாள். தாளை எடுத்துக்கொள்ளவில்லை.

உனக்குத் தெரியுமே, அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து என்னிடம் சொன்ன எந்த வார்த்தையும் 'மாமா' இல்லாமல் முடிந்ததில்லை. நீ என்னை மச்சான் என்று அழைத்ததால் வந்த முறை அது. ரத்தத்தில் நான் உங்களுக்கு யாருமில்லை. எந்தப் புத்தகத்திலும் எழுதாத அந்த ஒரு உறவை நேற்று அவள் என் வாசலில் விட்டுவிட்டுப் போனாள். 'வர்றனுங்க' என்று மட்டும் சொன்னாள். நேற்றிலிருந்து என் காதில் இருப்பது அந்தச் சொல்தான், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல்.