நாற்பத்து நான்கில் ஒன்பது

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகமாகத்தான் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி மாடிப்படியைப் பார்த்தால் வருகிறது, சமதரையைப் பார்த்தால் போய்விடுகிறது. பல் மருத்துவமனையில் அம்மாவின் வரவேற்பு மேசையைக் கீழ்த்தளத்துக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். என்னை நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்குப் போட்டிருக்கிறார்கள். படித்து முடித்த புத்தகத்தைத் திருப்பித் தராமல் கட்டிப்பிடித்துக்கொண்டு அழும் வாசகர்களை வேறு எந்தப் பகுதியிலும் பார்க்க முடியாது.

ஒரு வாரமாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர் கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். இனிமேல் போக்கர் சீட்டாட்ட மேசைப் பக்கமே போவதில்லை என்றும், திங்கட்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனி வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்றும் அம்மாவுக்கு நீ மின்னஞ்சலில் அனுப்பிய இரண்டு வரியைப் படித்தேன். அம்மா அதை யாரிடமும் காட்டவில்லை. கண்ணாடி இல்லாததால் என்னிடம் மட்டும் படிக்கக் கொடுத்தாள்.

நீ போட்டியில் ஆடுவதை நாங்கள் நேரலையில் பார்த்தது போன வாரம்தான் முதல்முறை. என் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மூன்று நாற்காலியை ஒரே பக்கம் போட்டு உட்கார்ந்தோம். முதல் ஒரு மணி நேரம் நீ ஆடவே இல்லை. சீட்டு வரும், ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாய், தள்ளிவிடுவாய். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “இவ ஆட வந்தாளா, வேடிக்கை பாக்க வந்தாளா?” என்றார். அதற்கு அம்மா, “வேண்டாததை வேண்டாம்னு தள்றதும் ஒரு திறமைதாங்க. உங்களுக்கு அது இருந்திருந்தா நம்ம வீட்டுல ஓடாத ரேடியோ மூணு இருக்காது” என்றாள்.

எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பிடித்திருந்தது. மற்றவர்கள் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நீ அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முன்பு ரயிலில் மாமாவுக்கு ஒரு புதிர் போட்டாயே, அப்போதும் உன் முகம் இப்படித்தான் இருந்தது. இரண்டு சிவப்புச் சீட்டு, இரண்டு கறுப்புச் சீட்டு, கலைத்துக் கவிழ்த்து வைத்தாய். “மாமா, ரெண்டு சீட்டு எடுங்க. ரெண்டும் ஒரே நிறமா இருக்க வாய்ப்பு எவ்வளவு?” மாமா யோசிக்கவே இல்லை. “ஒண்ணு ஒரே நிறம், இல்ல வேற நிறம். பாதிக்குப் பாதி. இதெல்லாம் ஒரு கணக்கா?” என்றார். நீ ஒரே ஒரு சீட்டைத் திருப்பினாய். சிவப்பு. “மிச்சம் மூணு இருக்கு. அதுல சிவப்பு எத்தனை மாமா?” என்று மட்டும் கேட்டாய். மூன்றில் ஒன்றுதான் என்று புரிந்ததும் மாமா, “மாப்பிள்ளை பாக்கும்போது இதையெல்லாம் கேக்காதே” என்றார். பதிலைச் சொல்லாமல், பதில் இருக்கும் இடத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவது உனக்குத்தான் வரும். நான் எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன், அப்படிச் செய்கிறவர்கள் குறைவு.

இனி அந்தக் கடைசி ஆட்டம். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து.

உன் கையில் இரண்டு கறுப்பு ஏஸ். எதிரே தொப்பிக்காரர். மேசை நடுவில் நான்கு சீட்டுகள் திறந்து கிடக்கின்றன, அதில் இரண்டு, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் சீட்டு. இன்னும் ஒரு சீட்டுதான் திறக்க வேண்டும். தொப்பிக்காரர் தன் பந்தய வில்லைகளை எல்லாம் நடுவே தள்ளினார். அதையும் சேர்த்து நடுவில் இருந்தது நூறு பங்கு என்றால், நீ தொடர நாற்பது பங்கு போட வேண்டும். உன்னிடம் மிஞ்சியிருந்ததே அவ்வளவுதான். நாற்பது போட்டு ஜெயித்தால் நூற்று நாற்பது திரும்பி வரும். அதாவது, இதே நிலையில் ஏழு முறை ஆடி இரண்டு முறை ஜெயித்தாலே கையைக் கடிக்காது. தொப்பிக்காரர் நல்ல சீட்டே இல்லாமல் எத்தனை முறை மிரட்டுவார் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் நீ பார்த்து வைத்திருந்தாய். பாதிக்கு மேல் உன் சீட்டுதான் மேலே இருக்கும் என்று கணித்திருப்பாய். நெடுநேரம் யோசித்துவிட்டுத்தான் வில்லைகளை முன்னே நகர்த்தினாய்.

அவர் திருப்பிக் காட்டினார். ஆட்டின் ராணி, ஆட்டின் ஜாக்கி. இன்னொரு ஆட்டின் வந்தால், கைச்சீட்டும் நடுச்சீட்டும் சேர்ந்து ஐந்து ஒரே இனமாகி அவருக்கு ஜெயம். வேறு எது வந்தாலும் உனக்கு. தெரியாத சீட்டுகள் நாற்பத்து நான்கு, அவற்றில் ஆட்டின் ஒன்பது. மற்ற முப்பத்தைந்தும் உன் பக்கம்.

வந்தது ஆட்டின் ஆறு.

நீ எழுந்து அவருக்குக் கை கொடுத்தாய். என்னவோ சொன்னாய், அவர் தொப்பியைக் கழற்றினார். அந்தக் கையை நீட்டிய விதத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அது வராது அக்கா. என் பேனாவை யாராவது கேட்காமல் எடுத்தாலே மூன்று நாள் பேசமாட்டேன்.

அன்று மாலை நீயாகவே போன் செய்தாய். அப்பா எடுத்திருக்கக் கூடாது. “மிச்சமிருந்ததை எல்லாம் கொண்டு போய் ஒரு சீட்டுல வச்சியே, மூளையை அடகு வச்சிட்டியா?” என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். நீ, “அப்பா, நாப்பத்து நாலுல ஒம்பதுதான் எனக்கு எதிரா இருந்துச்சு” என்று தொடங்கியது எங்களுக்கும் கேட்டது. “அந்த ஒம்பதுதானே வந்துச்சு!” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். உன் போன் அன்று அணைந்ததுதான்.

இதற்குப் பின் நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை பெய்ய இருபது சதவீதம் வாய்ப்பு என்று அப்பாவின் வானிலை அலுவலகம் சொல்லியிருந்தது. கணித்தவரே நம் வீட்டில்தான் இருக்கிறார் என்ற தைரியத்தில் மாடி வீட்டு டிரைவர் தன் மெத்தைகள் அத்தனையையும் மொட்டைமாடியில் காயப் போட்டுவிட்டார். மதியம் கொட்டித் தீர்த்தது. சொட்டச் சொட்ட ஒரு தலையணையைச் சாட்சிக்குத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். “சார், இதுக்கு எதுக்கு சார் உங்களுக்கு ஆபீசு, சேட்டிலைட்டு? ஒரு காசைச் சுண்டிப் பாத்துச் சொல்லிட்டுப் போலாமே?” என்றார்.

அப்பாவுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. “யோவ், இருபது சதவீதம்னா வராதுன்னு அர்த்தமா? அஞ்சு தடவையில ஒரு தடவை வரும்னு அர்த்தம். அந்த ஒரு தடவை இன்னிக்கு வந்திருச்சு. வந்ததுனால நான் சொன்னது தப்பாயிடுமா?”

அம்மா தலையணையிலிருந்து வடிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. “அதையேதான் உங்க பெரிய பொண்ணும் போன்ல சொன்னா.”

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. “பொண்ணும் வானிலை ஆபீசா சார்?” என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா மாடியேறிப் போனார். சண்டை போட்ட வீட்டிலேயே சீட்டுக்கட்டு கடன் கேட்டிருக்கிறார். டிரைவர் கட்டோடு தானும் கீழே இறங்கி வந்துவிட்டார். தொப்பிக்காரர் சீட்டு, உன் சீட்டு, நடுவில் நான்கு எனப் போட்டியில் இருந்தபடியே அப்பா மேசையில் அடுக்கச் சொன்னார். மீதியைக் கலைத்து ஒரு சீட்டைத் திருப்புவது, குறித்துக்கொண்டு மறுபடி கலைப்பது. திருப்பும் பொறுப்பை டிரைவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் மூன்று முறையில் இரண்டு முறை ஆட்டின் வந்தது. “பாத்தீங்களா சார், இந்தக் கட்டே ராசியில்லாத கட்டு!” என்று அவருக்கு ஒரே சந்தோஷம். “இருய்யா, அவசரப்படாதே. மூணு நாளை வச்சு யாராவது பருவமழையைச் சொல்லுவாங்களா?” என்றார் அப்பா. பிறகு கறுப்பும் டைமனுமாக வந்துகொண்டே இருந்தது. டிரைவருக்கு அலுத்துப்போய்விட்டது. மாலைக்குள் கணக்கு ஐந்துக்கு ஒன்று என்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“அப்ப உங்க பொண்ணு ஆடுனது தப்பில்லையே சார்” என்றார் டிரைவர்.

“தப்புன்னு யாரு சொன்னா?” என்றார் அப்பா.

அம்மாவுக்கு அப்போது வந்த இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

அவர் போன பிறகு அப்பா நீ ஆடிய காட்சியைப் போடச் சொன்னார். ஆறு வருகிற இடத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார். நீ யோசித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தை மட்டும் பார்த்தார். ஏழில் இரண்டு என்ற கணக்கை நான் விளக்கினேன். கேட்டுவிட்டு, “எங்க ஆபீஸ்ல இவ்வளவு யோசிச்சு ஒருத்தனும் அறிக்கை குடுத்ததில்ல” என்றார். நம் அப்பா ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது இதுதான்.

அக்கா, இன்சூரன்ஸ் வேலை மட்டமான வேலை இல்லை. அங்கேயும் உன் கணக்குக்கு இடம் இருக்கும், மாதம் பிறந்தால் சம்பளம் வரும். நீ அலுத்துப் போயிருந்தால், விடுதி அறைகளும் விடிய விடிய ஆட்டங்களும் போதும் என்று தோன்றியிருந்தால், தாராளமாகக் கையெழுத்துப் போடு. நானே பேனா வாங்கி அனுப்புகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். அந்தக் கடைசிச் சீட்டு கறுப்பாக வந்திருந்தால், இந்தத் திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போவாயா? போவேன் என்றால் போ. மாட்டேன் என்றால், உன் வாழ்க்கையைத் தீர்மானிப்பது நீ இல்லை, ஒரு ஆட்டின் ஆறு. கதைகளில் முடிவைப் பார்த்துத்தான் நடுப்பக்கங்களுக்கு அர்த்தம் சொல்கிறோம். அதைப் படித்துப் படித்தே எனக்கும் அப்படிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. முடிவை மூடி வைத்துவிட்டு நடுப்பக்கத்தை மட்டும் மதிப்பிட உன்னால் முடியும். ஊருக்கெல்லாம் செய்கிறாயே, உனக்கும் ஒருமுறை செய்துகொள்.

அம்மா தன் ஆசியைச் சொல்லச் சொன்னாள், வேளைக்குச் சாப்பிடு என்பதும் அதில் அடக்கம். அப்பா எழுதமாட்டார், உனக்கே தெரியும். நான் உறையை ஒட்டப் போகும்போது கதவருகே வந்து நின்று, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“ஜெயிச்சா நிதானமா மறுநாள் கூப்பிட்டாப் போதும்னு சொல்லு. தோத்தா அன்னிக்கே கூப்பிடணும். நான்தான் எடுப்பேன்.”

என்றும் உன்னை எண்ணி வியக்கும்,
உன் தங்கை