வெள்ளிக்கு வெள்ளி

4.9.1985

திரிங்காப் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டி முடித்தாயிற்று; கோபிஸ் என்றால்தான் இங்கே எல்லாருக்கும் புரியும். நாள் முழுக்க மழை. அந்தச் சேறு காலைப் பிடித்தால் செருப்பை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அண்ணன் லோரி வந்து சிங்கப்பூருக்கு ஏற்றிக்கொண்டு போனபிறகு எஸ்டேட் லைன் வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தேநீர் குடித்தேன். அதுவும் கடையில் வாங்கிய தூள். வீட்டுக்காரர் வேலை பார்ப்பது தேயிலை ஃபேக்டரியில். ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம், மானேஜர் துரை ஒன்றும் சொல்லமாட்டார். இவருக்குக் கேட்கப் பயம். காளியண்ணன் என்று பெயர் வைத்தவர்கள் இவரைப் பிறகு பார்த்திருந்தால் மாற்றியிருப்பார்கள்.

போன மாதச் சரக்குக்கு அண்ணன் பணம் கொடுத்தார். சிங்கப்பூரில் எத்தனை வெள்ளிக்கு விற்றதோ, கமிஷனும் லோரிக் கூலியும் போக, மீதி அப்படியே நம் நாட்டு வெள்ளியில். ஒன்றுக்கு ஒன்று. நான் கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு நாட்டுக் காசும் எல்லாக் கடையிலும் ஒன்றாகத்தான் ஓடின. பிறகு சட்டம் மாறிவிட்டது என்றார்கள். எங்களுக்குள் மாறவில்லை. கூடப்பிறந்தவரிடம் போய் ரேட்டு கேட்பதா? அண்ணனே சொல்வார்: "நமக்குள்ள என்ன ரேட்டு, தங்கச்சி? வெள்ளிக்கு வெள்ளி."

14.11.1985

தீபாவளிக்குச் சீதா வந்திருக்கிறாள். வீட்டுக்காரரின் தங்கை. சிங்கப்பூரில் ரேடியோ சாமான் செய்யும் கம்பெனியில் வேலை. மகள் பவளத்துக்குச் சிங்கப்பூர்ப் பத்து வெள்ளி நோட்டு ஒன்று கொடுத்தாள். பவளம் பிரிஞ்சாங் கடையில் பள்ளிக்கூடப் பை வாங்கிக்கொண்டு மீதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதிகமாக இருந்தது. கடைக்காரன் ஏமாந்திருக்கிறான், போய்த் திருப்பிக் கொடு என்று திட்டினேன்.

"ஏமாறலம்மா. அந்த நோட்டுக்கு நம்ம காசு பதினொன்னுக்கு மேல வரும்லா. கடையில எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியுமாம். பதின்மூன்று வயசுப் பெண்ணுக்குத் தெரியுது, கடைக்காரனுக்குத் தெரியுது, பத்து வருஷமா அந்த ஊருக்குக் கோபிஸ் அனுப்புற எனக்குத் தெரியல!

15.11.1985

சீதாவிடம் கேட்டேன். அவள் ஊரில் எல்லாச் சாமானும் வெளியிலிருந்துதான் வருகிறது. வெள்ளியை உயர்த்தி வைத்தால் அரிசியும் எண்ணெயும் விலை ஏறாமல் இருக்கும், அதனால் அரசாங்கம் உயர்த்தியே வைத்திருக்கிறதாம். "நல்லதுதானே" என்றேன்.

"என்ன நல்லது அண்ணி? எங்க வெள்ளி உசந்து போனதால நாங்க செய்யிற ரேடியோ வெளியூருக்காரனுக்கு வெல கூடிப்போச்சு. கூலியும் கூட. வாங்க ஆளில்ல. எங்க ஃபேக்டரி லைன்ல பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்தது நானாக்கூட இருக்கும்."

அங்கே காசு உயர்ந்ததால் அவளுக்கு வேலை போகப்போகிறது. இங்கே காசு தாழ்ந்ததால் எனக்கு ஏதாவது கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? நான் அங்கே விற்கிறவள். எனக்குக் கிடைத்தது எங்கே?

எங்கே என்று தெரியும். எழுதக் கை கூசுகிறது.

3.12.1985

இன்றும் கேட்கவில்லை. அண்ணன் லோரியில் சாய்ந்து நின்று பவளத்தின் படிப்பை விசாரிக்கிறார். எந்த முகத்தோடு கேட்பது?

12.1.1986

வானொலியில் ஒருவர் பேசினார். ஈயம் விழுந்துவிட்டது, ரப்பர் விழுந்துவிட்டது, செம்பனை எண்ணெய் விழுந்துவிட்டது. நம் வெள்ளி கொஞ்சம் இறங்குவதில் தப்பில்லையாம். நம் பொருள் வெளிநாட்டில் மலிவாகும், ஏற்றுமதி செய்பவர்கள் பலன் அடைவார்கள். குரல் வெண்ணெய் போல இருந்தது.

ஏற்றுமதி செய்பவர் என்றால் யார்? குனிந்து குனிந்து முதுகு போனவளா, லோரி வைத்திருப்பவரா? அதை அவர் சொல்லவில்லை. உடனே பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

எஸ்டேட்டிலும் இதே கதைதான். தேயிலை விலை விழுந்துவிட்டதாம், ஃபேக்டரியில் ஓவர்டைம் இல்லை என்று ஆபீஸ் கிராணி போர்டில் ஒட்டிவிட்டார். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு வந்து, ஏதோ மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொல்கிறார். இனி தோட்டத்து வருமானம்தான். அதை நம்பித்தான் பவளம் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் வரைக்கும் படிக்கவேண்டும்.

20.2.1986

பூச்சி மருந்தும் உரமும் அண்ணனிடம்தான் வாங்குகிறோம். இன்று ஒரேயடியாக விலை கூடியிருந்தது.

"ஜப்பான் காசு ஏறிப்போச்சு தங்கச்சி. நான் என்ன செய்ய? அன்னன்னிக்கு ரேட்டு என்னவோ அதான்."

அன்றன்றைக்கு ரேட்டாம். மருந்து டின்னுக்கு ரேட்டு உண்டு. ஜப்பான்காரன் காசு ஏறினால் காலையில் ஏறியது மாலைக்குள் திரிங்காப் வந்து சேர்ந்துவிடுகிறது. சிங்கப்பூர்க் காசு ஏறினது மட்டும் வருஷக்கணக்காக ஜொகூர் பாலத்திலேயே நிற்கிறது. மருந்து வாடை என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

27.2.1986

கேட்டுவிட்டேன்.

இருளப்பன் லோரியில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்துத் தோட்டம் அவனுடையது. அவன் சரக்கும் அண்ணனுக்குத்தான். அவன் காதில் விழாமல் அண்ணனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த்தான் கேட்டேன். அவர் மானத்தை நான் காப்பாற்றினேன், வெட்கக்கேடு.

கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் இன்னும் எரிகிறது.

"ரேட்டு ஏறும், எறங்கும்லா. நாளைக்கு எறங்குனா உங்கிட்ட வந்து கொடுன்னு கேப்பனா? ஏத்தமும் என்னோட, எறக்கமும் என்னோட. உனக்கு நிம்மதி. யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"

"எறங்கட்டும் அண்ணே, நானே குடுக்கிறேன். இப்ப ஏறுனதக் குடுங்க."

முகம் மாறியது. "அப்பா போனப்புறம் உன்ன யாரு கட்டிக் குடுத்தா? எந்த ரேட்டுல கட்டிக் குடுத்தேன், சொல்லு" என்றார்.

உண்மைதான், அவர்தான் கட்டிக்கொடுத்தார், அன்றைக்கு அழவும் அழுதார். அந்த அழுகைக்கு மாதாமாதம் கமிஷன் பிடிப்பார் என்று அப்போது தெரியாது.

13.3.1986

லோரியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இருளப்பன் சரக்கை ஏற்றினார்கள். எங்கள் கூடைகள் சாலையோரத்தில்.

15.3.1986

இன்றும் இடம் இல்லை.

கோலா தெர்லாவில் காய்கறி லோரி வைத்திருக்கும் ஒரு சீன முதலாளி, தவுக்கேயிடம் போனேன். உட்காரச் சொன்னார், ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, உன் அண்ணன் ஆட்களை நான் எடுத்தால் என் ஆட்களை அவன் எடுப்பான், எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம் இல்லை என்று மலாயில் சொன்னார். அவர்களுக்குள் என்ன ஒற்றுமை! கியா பார்ம் சாலையோரக் கடைகளில் கொஞ்சம் விற்றேன். சுற்றுலா வந்தவர்கள் ஸ்ட்ராபெரிதான் கேட்டார்கள், கோபிஸைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

18.3.1986

அழுகிய கோபிஸ் நாற்றம் தெரியுமா? செத்த எலி கூடப் பரவாயில்லை. புடவையில், தலைமயிரில், சோற்றில், எதிலும் அதுதான். குழி வெட்டிப் போட்டேன். வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

22.3.1986

லோரி வந்தது. எல்லாவற்றையும் ஏற்றினார்கள். எப்படி என்று கேட்டேன். வீட்டுக்காரர் கீழே பார்த்தார். எனக்குத் தெரியாமல் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். "அவளுக்கு ஒன்னும் தெரியாது மச்சான், மனசுல வச்சிக்காதீங்க"ன்னாராம்.

எனக்கு ஒன்னும் தெரியாதாம். இத்தன நாளா ஒன்னும் தெரியாமத்தான் இருந்தேன், அப்ப எல்லாருக்கும் என்னப் புடிச்சிருந்துச்சு. தூ!

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு வளருது நவமணி. சடங்குக்கு முன்ன நிக்க மாமன் வேணும். எனக்கு வேற யாரு இருக்கா?" அவர் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. அதனால் இன்னும் வெறுப்பாக இருக்கிறது.

30.6.1986

வெள்ளிக்கு வெள்ளி. வாங்கிக்கொண்டேன்.

8.10.1986

பவளம் பெரிய பெண்ணாகிவிட்டாள். தாய்மாமனுக்கு முதலில் சொல்லவேண்டும், அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். அவளைத் தனியே உட்காரவைக்கக் குச்சு கட்ட இந்தக் குளிரில் தென்னை ஓலைக்கு எங்கே போவது என்று நினைத்திருந்தேன். மாலைக்குள் தாப்பாவிலிருந்து லோரியில் ஓலை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவரே கட்டினார். கயிறு இழுத்ததில் கையில் இரத்தம். மருமகள் முகத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, எனக்கு அவரைத் தெரியும்.

அதுதான் தாங்கமுடியவில்லை. திருடனாக மட்டும் இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

2.11.1986

வானொலியில் மறுபடியும் ரேட்டு. சிங்கப்பூர் நூறுக்கு நம் வெள்ளி நூற்றுப் பத்தொன்பது பக்கம் வந்துவிட்டது. இருளப்பன் மனைவி பாஞ்சாலை பக்கத்தில் இருந்து கேட்டாள். "அதுக்கும் நமக்கும் என்னக்கா?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. சடங்கு முடியட்டும் என்று வீட்டுக்காரர் கெஞ்சியிருக்கிறார்.

23.11.1986

சடங்கு. வரிசையாக எழுதவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

எஸ்டேட் கோயில் மண்டபம் நிறைய ஆள். அண்ணன் சீர்த் தட்டுகளோடு மேளம் அடித்துக்கொண்டு வந்தார். பழைய கங்காணி நாகப்பன் மாமாதான் வழக்கம்போல மைக்கில் சீர் வாசித்தார். பட்டுப் புடவை, பழம், பலகாரம் எல்லாம் வாசித்துவிட்டு, கடைசியில், "தாய்மாமன் அர்ஜுனன் போடுற சங்கிலி, மூணு பவுன்!" என்றார். கை தட்டினார்கள். மூணு பவுனை இந்த லைனில் யாரும் கண்டதில்லை.

அண்ணன் என் காதருகே குனிந்தார். "பாத்தியா? ரேட்டு ரேட்டுன்னு அலறுனியே. நானா தின்னேன்? ஒன் காசெல்லாம் ஒன் மகளுக்குத்தான் சேத்து வச்சேன்."

அன்பாகத்தான் சொன்னார். என் காசு என்று அவர் வாயாலேயே சொன்னார். என் காசில் எனக்கே சீர் செய்து, அதற்கு ஊரைக் கை தட்ட வைத்து, நான் நன்றியோடு காலில் விழவேண்டும் என்று காத்திருந்தார். மைக் பக்கத்தில் போனது எனக்கு ஞாபகம் இல்லை. பேசினது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நாகப்பன் மாமா, சங்கிலிய மட்டும் தப்பா வாசிச்சிட்டீங்க. அது சீர் இல்ல. எங்க கோபிஸ் சிங்கப்பூர் வெள்ளியில வித்துச்சு. அந்த வெள்ளி ஒசந்துருக்கு. அண்ணன் அத நமக்கு ஒன்னுக்கு ஒன்னுதான் குடுத்தாரு. அந்த மீதிதான் இந்தச் சங்கிலி. இப்பத்தான் அவரே சொன்னாரு. 'பாக்கி தீத்துட்டாரு'ன்னு வாசிங்க."

நாகப்பன் மாமா வாசிக்கவில்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். மேளக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினான்.

அப்போது பந்தியிலிருந்து இருளப்பன் எழுந்தான். கையில் சோறு. "அப்ப எனக்கு எத்தன பவுன் வரணும், அர்ஜுனண்ணே?"

சில பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டான். சிரித்தவர்களும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருடைய சரக்கும் அதே லோரியில்தான் போகிறது.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாப்பிடவில்லை.

பவளம் மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றிச்சுட்டி ஆடிக்கொண்டே இருந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. அவளுடைய நாள். வேறு எந்த நாளிலாவது செய்திருக்கலாம். ஆனால் வேறு எந்த நாளில் என் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

24.11.1986

வீட்டுக்காரர் கத்துவார் என்று நினைத்தேன். காலையில் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். எஸ்டேட் தூள். துரையிடம் கேட்டு வாங்கினாராம்.

பவளம் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

7.12.1986

இருளப்பனும் இன்னும் சில பேரும் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ரேட்டு கொடுத்தால் சரக்கு, இல்லாவிட்டால் நாங்களே வாடகை லோரி பிடிப்போம் என்று சொன்னார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. அண்ணன் தங்கை விஷயத்தில் நீ வராதே அக்கா, அசிங்கமாகப் போய்விடும் என்றாள் பாஞ்சாலை. அசிங்கத்தை இவர்கள் எங்கே பார்க்கிறார்கள் பாருங்கள்!

21.12.1986

செத்தாலும் என் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று அண்ணி சொல்லியனுப்பினாள். சரி.

18.1.1987

லோரி வந்தது. டிரைவர் சின்னக்கருப்பன் பணத்தோடு முதல்முறையாக ஒரு சீட்டும் கொடுத்தான். இப்போது எல்லாருக்கும் கொடுக்கிறார்களாம். சிங்கப்பூரில் விற்ற தொகை, அன்றைய ரேட்டு, கமிஷன், லோரிக் கூலி. வானொலியில் சொன்ன ரேட்டுதான். பாஞ்சாலை அவள் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு லைன் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிகிறாள். பவளத்தின் பள்ளிக் கட்டணம் இந்த மாதம் கடன் வாங்காமலே கட்டிவிட்டேன்.

சீட்டு அண்ணன் கையெழுத்தில்தான் இருக்கிறது, அந்த வளைந்த 'ழ'வை எனக்குத் தெரியாதா. சரக்கு கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் தங்கச்சி என்றும் இல்லை, நவமணி என்றும் இல்லை, 'திருமதி காளியண்ணன்' என்று எழுதியிருக்கிறார்.